தாய்மாமன் சீர்

அந்தக் குடும்பத்தையே கொன்றுவிட்டார்கள் என்ற செய்தியை நான் கேட்டது கம்பெனியில், வேலைக்கு நடுவில். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் நான் வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சரி செய்வது என் வேலை. ஐப்பசி மழை. வெளியே காயப்போட்டிருந்த பொம்மைப் பலகைகளை உள்ளே தூக்கிவரப் போன பெண், வாசலில் யாரிடமோ பேசிவிட்டு ஓடி வந்தாள்.

"கம்மாபுரம் ரோட்டுல புது வூடு ஒண்ணு இருக்குதே, பச்ச கேட்டு போட்டது, அங்க மூணு பேரையும் வெட்டிப் போட்டுட்டாங்களாம். கல்யாணப் பொண்ணையும்."

எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எழுந்தோம். அந்த வீடு எனக்குத் தெரியும். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த குடும்பம் அது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊரோரத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். வயதான ஐயா, அவர் மனைவி, இளைய மகள். மூத்த மகளை ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இளையவளுக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. முந்தின நாள் மத்தியானம் கொட்டுகிற மழையில் யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். சாயங்காலம் முழுக்க மூத்த மகள் போன் போட்டும் யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் தம்பி. அவன் குட்டியானை லோடு வண்டி ஓட்டினான். பேட்டையிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு போவான், வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிப்போவான். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவையும் கட்டிலையும் கடையிலிருந்து கொண்டுபோய் மாடியில் ஏற்றி வைத்தவன் அவன்தான். அன்று என் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான்.

"அந்தம்மா என்னை உக்கார வெச்சு சோறு போட்டாங்கக்கா. கல்யாணத்துக்கு வந்துடு தம்பின்னு சொன்னாங்க."

என்னைவிட எட்டு வயது இளையவன். அப்பா இறந்தபோது அவன் இடுப்பில் தூக்கும் குழந்தை. அம்மா வேலைக்குப் போக, நான்தான் அவனை வைத்துக்கொண்டிருந்தேன். சிரித்த முகம். தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் நாற்காலி இறக்குகிறவன். கொஞ்ச நாளாக வேப்பூர் ஹைவே ஓட்டல்களில் பழக்கமான ஒன்றிரண்டு பேரோடு சுற்றுகிறான் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டுகிறவனுக்கு நாலு இடத்தில் பழக்கம் இருக்கத்தானே செய்யும் என்று நான் சொன்னேன்.

கொலை நடந்து சில நாள் கழித்து அவன் வந்தான். மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பாடு போட்டுக்கொண்டே, பேப்பரில் வந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன். அந்த ஐயாவைக் கட்டிப் போட்டுத்தான் வெட்டினார்களாம், அந்தப் பெண் பின்கட்டு வரை ஓடியிருக்கிறாளாம் என்று.

"பாவம்க்கா," என்றான்.

"அம்மா தனியா இருக்குது. கதவத் தாழ்ப்பா போட்டுக்கச் சொல்லுடா. எவன் எவன் எங்க சுத்துறானோ."

"சொல்றேன்க்கா."

இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். சாப்பிட்டான். மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனான். என் வீட்டில் அவன் எப்போதும் தட்டைக் கழுவி வைப்பான்.

இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் கை நடுங்கியதா, முகம் மாறியதா என்று. எனக்கு எதுவும் ஞாபகத்தில் இல்லை. மாறியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

கார்த்திகையில் என் மகள் பெரியவளானாள். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். தையில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு வைத்தோம். தாய்மாமன் சீர்தானே அந்த விழாவுக்கு முகம். நான் தம்பியிடம் பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை. புடவையும் பழத்தட்டும் வந்தால் போதும் என்று என் வீட்டுக்காரரும் சொல்லியிருந்தார். அவன் வந்த வருகை வேறு மாதிரி இருந்தது. பேண்டு வாத்தியம், வெடி, வரிசையாகத் தட்டு எடுத்து வரப் பெண்கள். மண்டப வாசலில் அவன் படமும் என் மகள் படமும் போட்ட பேனர். பட்டுப்புடவைத் தட்டின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. திறந்தால் சிவப்புக் கல் வைத்த ஜிமிக்கி. கனமான, பழைய வேலைப்பாடு.

"என்னாத்துக்கு மச்சான் இவ்வளவு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எனக்கு இருக்கிறது ஒரே அக்கா பொண்ணு மாமா. பழைய நகை விக்கிறவங்ககிட்ட சொல்லி வெச்சு வாங்கினேன். இந்த வேலையெல்லாம் இப்ப எவன் செய்யுறான்?"

நான்தான் என் கையால் அதை மகளுக்குப் போட்டுவிட்டேன். போட்டதும் அவள் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கிட்டே வந்து கையால் தொட்டுப் பார்த்தார்கள். தம்பி இருந்தால் இப்படி இருக்கணும் என்று ஒருத்தி சொன்னாள். போட்டோக்காரரிடம், காது நல்லாத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்க என்று நானே சொன்னேன். அந்தக் குடும்பத்து இளையவளின் கல்யாணமும் அந்தத் தை மாதத்தில்தான் நடந்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

மாசியில் போலீஸ் வந்தது. வேறு ஊரில் நகை விற்கப் போன ஒருவன் மாட்டியிருக்கிறான். அவன் சொல்லி இன்னும் இருவர். அதில் ஒருவன் என் தம்பி. காலையில் அவனை வண்டியோடு பிடித்துவிட்டார்கள் என்று அம்மா போனில் கத்தினாள். என்னவென்று புரிவதற்குள் என் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க தம்பி விசேஷத்துக்கு ஒரு ஜிமிக்கி குடுத்தானாம்மா?"

"ஆமாங்க."

"எங்க இருக்குது?"

"பொண்ணு காதுல. ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க."

எதற்கென்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கம்மாபுரம் ரோடு கேஸும்மா," என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் வேண்டாம் என்று கெஞ்சினேன். ஒரு பெண் போலீஸை மட்டும் சாதாப் புடவையில் என்னோடு ஆட்டோவில் அனுப்பினார்கள். தலைமையாசிரியர் அறைக்கு மகளைக் கூப்பிட்டு விட்டார்கள். ஓடி வந்தாள். யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஜிமிக்கிய கழட்டும்மா," என்றேன்.

"ஏம்மா?"

"கழட்டு. அப்புறம் சொல்றேன்."

"மாமா குடுத்ததும்மா. ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லலம்மா."

அந்தப் பெண் போலீஸ் கை நீட்டியபோது, நானே கழட்டித் தரேங்க என்று தடுத்தேன். ஒரு பக்கம் வந்துவிட்டது. இன்னொரு பக்கத் திருகாணி இறுகிக்கொண்டது. என் விரல் வழுக்கியது. தலைமையாசிரியர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கடைசியில் அந்தப் பெண் போலீஸ்தான் பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து ஒரு சொட்டு விட்டு, வலிக்காமல் திருகி எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் வைத்து மடித்தார். திரும்பி வரும் வழியில், ஆட்டோவில், மகள் என் காதருகே வந்து கேட்டாள்.

"மாமா திருடிட்டாங்களாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று வீட்டில் அவள் காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சி சீவிச் செருகிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பெனியில் முதலாளி, கொஞ்ச நாள் கழிச்சு வாம்மா என்றார். கொஞ்ச நாள் கழித்துப் போனேன். மத்தியானம் எல்லோரும் குழம்பு மாற்றிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். நான் கை கழுவி வருவதற்குள் அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மறுநாளும் அப்படித்தான். ஒருத்தி மட்டும் தண்ணீர்க் குழாய் அருகே நின்று சொன்னாள்.

"நீ இன்னா பண்ணுவ, தெரியுது. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. அந்த ஜிமிக்கிய நானும் தொட்டுப் பாத்தேன் இல்ல."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் கையைக்கூட என் வீடு அழுக்காக்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் அப்போது ஸ்ரீமுஷ்ணம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் ஜனங்கள் அந்தக் கொலையைப் பற்றித்தான் பேசுவார்கள். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு வருவார். அவர்தான் அவன் அக்கா புருஷன் என்று யாராவது காதைக் கடிப்பார்கள், பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் அவர் வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எவ்வளவோ கேட்ட பிறகு சொன்னார். அந்தக் குடும்பத்து மூத்த மகள் அன்று பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கோர்ட்டு வேலையாக விருத்தாசலம் வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இவருக்கு அவளிடம் காசு வாங்க மனம் வரவில்லை. தாண்டிப் போய்விட்டார். அவள் கூப்பிட்டாள்.

"டிக்கெட் குடுங்க."

"இருக்கட்டும்மா."

"உங்ககிட்ட எனக்கு ஓசிப் பயணம் வேணாங்க. டிக்கெட் குடுங்க."

பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தார். அடுத்த மாதமே முதலாளியிடம் கேட்டு வேப்பூர் ரூட்டுக்கு மாறிக்கொண்டார்.

கேஸ் விசாரணைக்கு வந்தபோது எனக்கும் சம்மன் வந்தது. ஜிமிக்கி என் வீட்டில் கிடைத்ததால் நான் அரசுத் தரப்புச் சாட்சி. அது தெரிந்ததும் அம்மா வந்தாள். தம்பி பிடிபட்டதிலிருந்து அவள் பாதியாக இளைத்திருந்தாள். உட்காரவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

"வக்கீல் சொல்றாரு. அந்த ஜிமிக்கி நீ முன்னாடியே வாங்கி வெச்சிருந்ததுன்னு சொல்லிட்டா போதுமாம். இல்லன்னா யார் குடுத்தாங்கன்னு ஞாபகம் இல்லன்னு சொல்லிடு."

"மண்டபம் பூரா பாத்துச்சும்மா."

"பாத்தவன் எவனும் கோர்ட்டுக்கு வரமாட்டான். நீ வாயத் தொறந்தாதான் அவனுக்கு ஆபத்து."

"அவன் செஞ்சானா இல்லியா, அதச் சொல்லு நீ."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வண்டிதான் ஓட்டினானாம். உள்ள போனது வேற ஆளுங்களாம்," என்றாள். பிறகு அழுதாள். "கூடப் பொறந்தவன்டி. உன் இடுப்புல வளந்தவன்டி."

"அந்தச் செத்துப் போன பொண்ணுக்கும் ஒரு அக்கா இருக்குதும்மா," என்றேன்.

என்னைப் பார்த்தாள். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் படி இறங்கினாள். அதற்குப் பிறகு சாகும்வரை அம்மா என்னோடு பேசவில்லை.

கோர்ட்டில் சாட்சிகளை வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்த பெஞ்சின் மறுமுனையில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கோபுரம் போட்ட மஞ்சள் துணிப்பை மடியில். அவளைக் கூட்டி வந்தவர் டீ வாங்கப் போனபோது, போலீஸ்காரர் அவளிடம் வந்து, நகையை அடையாளம் காட்டணும்மா, ரெடியா இருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். எழுந்தால் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"உங்க பொண்ணுதான போட்டிருந்துச்சு?" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

"ஆமாங்க."

"என்னா வயசு?"

"பதிமூணு முடிஞ்சிடுச்சுங்க."

மடியிலிருந்த பையின் காதை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அது பீரோவுல இருந்த நகையில்லைங்க. எங்கம்மாவோடது. எங்க தாத்தா போட்டு அனுப்பினது. அத அவங்க கழட்டவே மாட்டாங்க. குளிக்கிறப்ப, தூங்குறப்ப, ஆஸ்பத்திரியில சேத்தப்பகூட. நான் எத்தினி தடவ கேட்டிருக்கேன், சின்ன வயசுல, ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுத் தரேன்னு. கழட்டினதே கிடையாது."

அவள் சொல்லி முடித்த பிறகுதான், மெதுவாக, எனக்கு அது புரிந்தது. பீரோவிலிருந்து இல்லையென்றால் எங்கேயிருந்து எடுத்தார்கள் என்பது. அது பெட்டிக்கு எப்படி வந்தது, அந்தப் பெட்டியிலிருந்து என் கை எதை எடுத்து என் பிள்ளைக்குப் போட்டது என்பது. நான் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது?

"உங்க பொண்ணுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுங்க."

"சொல்லாதீங்க. கொழந்த."

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். அவளிடம் அதற்குப் பிறகு நான் பேசியதில்லை. பேசுகிற தகுதி எனக்கு இருப்பதாகவும் நினைக்கவில்லை.

இதை எழுதலாமா என்று யோசித்தபோது, முதலில் மகளிடம் அந்தத் தாழ்வாரத்தில் கேட்டதைச் சொல்ல வேண்டியிருந்தது. வருஷக்கணக்காக ஒளித்து வைத்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "எனக்குத் தெரியும்மா. அந்த வாரமே ஸ்கூல்ல ஒரு பொண்ணு சொல்லிடுச்சு. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள்.

அன்று கோர்ட்டில் நான் சாட்சிக் கூண்டில் ஏறியபோது தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. ஜிமிக்கியைக் காட்டி, இது யார் கொடுத்தது என்று அரசு வக்கீல் கேட்டார். "என் தம்பிங்க," என்றேன். எப்போது, எங்கே, யார் முன்னால் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல், உங்களுக்கும் தம்பிக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டார். "அவன நான்தாங்க வளத்தேன்," என்றேன். அதைச் சொல்லும்போது கோர்ட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாராட்டுகிற பார்வை இல்லை அது. வளர்த்தது இதுதானா என்ற பார்வை. எனக்கே அப்படித்தான் தோன்றியது.

அன்று கோர்ட்டில்தான், முதலில் மாட்டியவன் சொன்னதாக, மீதியும் கேட்டேன். அவன் வண்டி மட்டும் ஓட்டியிருக்கவில்லை. எந்த அறையில் பீரோ இருக்கிறது என்று சொன்னதே அவன்தான். முகத்தில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். கட்டிப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவதுதான் திட்டம். அவன் ஏதோ பேசியிருக்கிறான். அந்தம்மாவுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. "தம்பி, நீயாப்பா?" என்று கேட்டிருக்கிறார். அதற்காகத்தான் மூன்று பேரையும் கொன்றார்கள். சோறு போட்டவர் கேட்ட கேள்வி.

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. கடலூர் ஜெயிலுக்கு நான் போனதில்லை. அம்மா மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அம்மா இறந்தபோது கொள்ளி வைக்க அவனைப் போலீஸ் காவலோடு கூட்டி வந்தார்கள். தெருவே கூடிவிட்டது. அம்மாவைப் பார்க்க வந்த கூட்டம் இல்லை. பாதிப் பேர் மாடியில் நின்று அவனைப் போனில் படம் எடுத்தார்கள். பாடையில் கிடந்த அம்மாவின் தலைமாட்டில் நான், கால்மாட்டில் அவன். எதிரெதிரே நின்றோம்.

"அக்கா, பாப்பா எப்பிடி இருக்குது?" என்றான், மெல்ல.

அந்தக் குரலைக் கேட்டதும் என் மனம் இளகியது. அதை மறைக்க மாட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் ஓடிப்போய் அவன் தலையைத் தடவத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அந்த நிமிஷமே கூசிப் போனேன். பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். நகர்ந்ததும் சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் இப்போது படிப்பு முடித்து நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை வீடு வேப்பூர் பக்கம், விவசாயக் குடும்பம், நல்ல மாதிரியான மனிதர்கள். காபி கொடுத்தாயிற்று. பையனின் அம்மா இயல்பாகக் கேட்டார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க? வரலீங்களா?"

யாரும் கேட்கிற கேள்விதான். எத்தனை நாள் அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். "வெளியூருல..." என்று ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் உள்ளிருந்து வந்து நின்றாள்.

"ஜெயில்ல இருக்காருங்க. கொலக் கேஸு. கம்மாபுரம் ரோட்டுல ஒரு குடும்பத்தையே கொன்னாங்க இல்ல, அதுல ஒருத்தரு. எங்கம்மாதான் கோர்ட்டுல சாட்சி சொன்னாங்க."

அந்த அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பையனின் அப்பா, சரிங்க, பேசிட்டுச் சொல்றோம் என்று எழுந்தார். வாசல் வரை போய் வழியனுப்பினோம். அவர்கள் கார் திரும்பிய பிறகு நான் மகளைக் கடிந்துகொண்டேன்.

"நீ ஏண்டி சொன்ன? நான் சொல்லிட்டிருந்தேன் இல்ல?"

"நீ பொய் சொல்லப் போன."

"உனக்காகத்தாண்டி."

"எனக்காக ஒண்ணும் வேணாம். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா அவங்க மூஞ்சிய நான் எப்பிடிம்மா பாக்குறது?"

கோர்ட்டில் உண்மை சொன்ன எனக்கு, என் வீட்டுக் கூடத்தில் அதைச் சொல்ல வரவில்லை. அவளுக்கு அது வந்தது. ஒரு பிள்ளை தன் பெண் பார்க்கும் சடங்கில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு முகம் எரிந்தது.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். ஜாதகம் சேரலையாம்மா என்றார். சரிங்க என்றேன். மகள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். யாரும்மா என்றாள். சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "நேரமாச்சு, பஸ்ஸு போயிடும்," என்று செருப்பை மாட்டினாள்.